கைப்பிடியும் சட்டமும்
(சைக்கிளைப் பற்றி ஒரு பௌதிகப் பாடம்)

சைக்கிளின் ஹாண்டில்பாரை மாற்றினால் சைக்கிளே வேறாகிவிடும் என்று சொன்னால் நண்பர்கள் பலர் நகைப்பார்கள். விளக்கை மாற்றுவதும் மணியை மாற்றுவதும் போல, கடையில் ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியம் அது என்பது பொதுவான எண்ணம். நேரான கம்பி, பின்னோக்கி வளைந்த கம்பி, ஆட்டுக்கடாக் கொம்பு போலக் கீழே சுருண்ட கம்பி என்று மூன்று வகை உண்டு; விருப்பம்போல் ஒன்றைப் பூட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். இது சரியன்று. கை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து முதுகின் சாய்வு அமைகிறது. முதுகின் சாய்வைப் பொறுத்து இருக்கையின் இடம் அமைகிறது. இருக்கையின் இடத்தைப் பொறுத்துச் சட்டத்தின் கோணங்கள் அமைகின்றன. ஒன்றை மட்டும் பிரித்து மாற்றினால் மற்றவை நம்மோடு சண்டைக்கு வரும். அந்தச் சண்டையின் கணக்கைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

நான் பாராடாங்கில் வளர்ந்தவன். தென் அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடைப்பட்ட தீவு அது. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து வருவோர், ஜிர்காடாங்கில் காத்திருந்து, வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் வரிசையில் சேர்ந்து காட்டைக் கடந்து, பிறகு படகேறி நீலாம்பூர்த் துறையில் இறங்குவார்கள். சுண்ணாம்புக் குகையையும் சேற்று எரிமலையையும் பார்த்துவிட்டு அன்றே திரும்பி விடுவார்கள். எங்களைப்போல் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த தமிழ்க் குடும்பங்களும், வங்காளிகளும், ராஞ்சிப் பக்கத்து மக்களும் அங்கேயே வாழ்கிறோம். சாலை ஏற்றமும் இறக்கமுமாக இருக்கும். வருஷத்தில் பாதி நாள் மழை. இப்போது மோட்டார் சைக்கிள்தான் மிகுதி. ஆயினும் தேங்காய் மூட்டையும் தண்ணீர்க் கேனும் இன்னமும் பல வீடுகளுக்குக் கறுப்புச் சைக்கிளில்தான் வருகின்றன. என் தந்தையாரிடம் உள்ளது அத்தகைய ஒன்று. அதை உதாரணமாக வைத்துக்கொண்டே மேலே செல்வோம்.

இந்தக் கறுப்புச் சைக்கிள் இந்தியாவில் பிறந்ததன்று. இங்கிலாந்தில் 1885-இல் ஸ்டார்லி என்பவர் ரோவர் என்னும் வண்டியைச் செய்தார். இரு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவு, பின்சக்கரத்துக்குச் சங்கிலி என்ற அமைப்பு அதனால்தான் நிலைபெற்றது. அதன் வழியில் வந்த ரோட்ஸ்டர் வண்டியை நம் நாட்டுத் தொழிற்சாலைகள் எடுத்துக்கொண்டன. சென்னையை அடுத்த அம்பத்தூரில் 1949-இல் முருகப்பா குடும்பத்தார் பர்மிங்ஹாம் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கினர். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் என்ற பெயர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வீட்டுப் பெயர்களாகவே ஆகிவிட்டது அதன்பிறகுதான். வடக்கே ஹீரோவும் அட்லஸும் அதே உருவத்தைச் செய்தன. எழுபது ஆண்டுக்கு மேலாக உருவம் மாறாத யந்திரம் ஒன்று நம் தெருவில் உண்டென்றால் அது இதுவே.

அதன் ஹாண்டில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தண்டிலிருந்து இரு பக்கமும் விரிந்து, பின்பு ஓட்டுபவரை நோக்கி வளைந்து வருகிறது. கைப்பிடியின் நுனி, தண்டைவிடப் பதினைந்து முதல் இருபது சென்டிமீட்டர் பின்னால் இருக்கும். கையைத் தேடி ஹாண்டிலே வருகிறது என்று சொல்லலாம். ஆகவே ஓட்டுபவர் நிமிர்ந்து உட்காருகிறார். முதுகு தரைக்கு ஏறக்குறைய 75 பாகையில் நிற்கிறது.

நிமிர்ந்து உட்கார்ந்தவரின் இருக்கையை எங்கே வைப்பது? இங்கேதான் சட்டத்தின் கோணம் நுழைகிறது. பெடல் அச்சிலிருந்து இருக்கை வரை செல்லும் குழாயை ஆசனக் குழாய் என்போம். ரோட்ஸ்டரில் அது தரைக்கு சுமார் 67 பாகை சாய்ந்திருக்கும். பந்தய சைக்கிளில் சுமார் 73. ஆறு பாகைதானே என்று அலட்சியம் செய்யக் கூடாது. இருக்கை பெடல் அச்சிலிருந்து குழாய் வழியே 700 மில்லிமீட்டர் தூரத்தில் இருப்பதாகக் கொண்டால், 67 பாகையில் அது அச்சுக்கு 273 மி.மீ. பின்னால் இருக்கும், 73 பாகையில் 205 மி.மீ. தான். வித்தியாசம் கிட்டத்தட்ட 7 சென்டிமீட்டர்.

காரணம் எளியது. அட்டையில் ஒரு மனித உருவத்தை வெட்டி, பெடல் அச்சு இருக்கும் இடத்தில் ஒரு குண்டூசியைக் குத்தி, உருவத்தை முன்னோக்கிச் சற்றே சுழற்றுங்கள். தொடைக்கும் முதுகுக்கும் உள்ள கோணம் மாறாமல், முதுகு தாழ்கிறது. இடுப்பு முன்னால் நகர்கிறது. பந்தயக்காரரின் இருப்பு என்பது நிமிர்ந்த இருப்பை இவ்வாறு முன்னோக்கிச் சுழற்றியதே. இதை முழுவதும் செய்ய முடியாது. ஏனெனில் இருக்கையை மிகவும் முன்னால் கொணர்ந்தால் உடற்சுமை கையில் விழும். மிச்சத்தை இடுப்பு மடிந்து ஏற்றுக்கொள்கிறது. ஆயினும் திசை இதுதான்: கை தாழ்ந்து முன்னே போனால் ஆசனக் குழாய் செங்குத்தாக வேண்டும், கை உயர்ந்து பின்னே வந்தால் அது சாய வேண்டும்.

கையின் சுமையையும் கணக்கிட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ளவருக்கு இடுப்புக்கு மேற்பட்ட பகுதி சுமார் 40 கிலோ. அதன் ஈர்ப்பு மையம் இடுப்பு மூட்டிலிருந்து முதுகு வழியே ஏறத்தாழ 30 செ.மீ. தூரத்தில் உள்ளது. முதுகு 75 பாகையில் நின்றால் அந்த மையம் இடுப்புக்கு 8 செ.மீ. மட்டுமே முன்னால் இருக்கும். 45 பாகைக்குக் குனிந்தால் 21 செ.மீ. முன்னால் போய்விடும். இந்தத் திருப்புவிசை முழுவதையும் கைகளே தாங்குவதாகக் கொண்டால், நிமிர்ந்தவருக்கு 7 கிலோ அளவும் குனிந்தவருக்கு 13 கிலோ அளவும் கைமேல் விழும். உண்மையில் முழுவதும் கையில் விழுவதில்லை. பெடலை மிதிக்கும்போது அதன் எதிர்விசை உடலைத் தூக்குகிறது. பந்தயக்காரர் பலமாக மிதிப்பதால் அவருடைய கை இலேசாகவே இருக்கும். அதே வண்டியில் மெதுவாகப் போகிறவருக்குத்தான் மணிக்கட்டு வலியும் சுண்டுவிரல் மரத்துப்போவதும். வேகமாகப் போகாதவர் வேக வண்டியில் உட்காருவது தனக்குத்தானே விதித்துக்கொள்ளும் தண்டனை என்பது என் கருத்து.

அப்படியானால் ஏன் குனிகிறார்கள்? காற்றுக்காக. காற்றின் தடையை வெல்லும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக வளர்கிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நிமிர்ந்தவருக்குச் சுமார் 26 வாட்டும் குனிந்தவருக்கு 15 வாட்டும் காற்றுக்குச் செலவாகும்; பதினொரு வாட்டு ஒரு பொருட்டன்று. மணிக்கு 30 கிலோமீட்டரில் அவை சுமார் 208, 121 என ஆகின்றன. இப்போது வித்தியாசம் 87 வாட்டு. பழக்கமில்லாதவர் நாள் முழுதும் உழைத்துத் தரும் திறனே அவ்வளவுதான். 1989-ஆம் ஆண்டு பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் கிரெக் லெமாண்ட் கடைசி நாளன்று கைகளை முன்னே நீட்டிச் சேர்த்து வைக்கும் புதுவகை ஹாண்டிலோடு ஓடினார். 24.5 கிலோமீட்டரில் லோரான் ஃபிஞோனைவிட 58 விநாடி முந்தி, மூன்று வாரப் பந்தயத்தை 8 விநாடியில் வென்றார். சில ஆண்டுகளில் ஸ்காட்லாந்துக்காரர் கிரேம் ஓப்ரீ கைகளை மார்புக்கடியில் மடக்கிக்கொண்டும், பின்னர் முழுவதும் முன்னே நீட்டிக்கொண்டும் ஓட்டிச் சாதனை புரிந்தார். உலக சைக்கிள் சங்கம் இரண்டு முறைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தடை செய்தது. இருக்கையின் மூக்கு பெடல் அச்சுக்கு 5 செ.மீ. யாவது பின்னால் இருக்க வேண்டும் என்றும் அதன் விதி முன்பு சொன்னது. ஹாண்டிலை முன்னே தள்ளினால் இருக்கையும் முன்னே வர விரும்பும் என்பதை விதி வகுத்தோரும் அறிந்திருந்தனர்!

நம் தீவுகளிலும் இவ்வகை வண்டியில் பெயர் பெற்றோர் உண்டு. 2004 ஆழிப்பேரலையில் சிறுமியாக மரத்தைப் பற்றிக்கொண்டு பல நாள் உயிர் பிழைத்த டெபோரா ஹெரால்டு, பின்னாளில் ஓடுகளப் பந்தயத்தில் நாட்டின் முன்னணி வீராங்கனையானார். அந்தமான் நிக்கோபாரைச் சேர்ந்த ஈசோ ஆல்பன் 2018-இல் சுவிட்சர்லாந்தின் ஏகிலில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் கெய்ரின் பந்தயத்தில் வெள்ளி வென்றார். அவர்கள் ஓட்டும் வண்டியில் பிரேக்கே கிடையாது. பாராடாங்கின் இறக்கத்தில் அதை ஓட்டுவது பற்றிப் பேசவே வேண்டாம்.

இனி முன்சக்கரத்துக்கு வருவோம். ஹாண்டில் திரும்பும் அச்சு, தலைக்குழாய் வழியே செல்கிறது. அந்த அச்சை நேராகத் தரை வரை நீட்டினால், சக்கரம் தரையைத் தொடும் புள்ளிக்கு முன்னால் அது தரையைத் தொடும். இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பின்தங்கல் எனலாம். சக்கரம் அச்சின் பின்னால் இழுபட்டு வருவதால் தானே நேராகத் திரும்பப் பார்க்கும். கடைவீதித் தள்ளுவண்டியின் சுழல் சக்கரம் போல. சக்கரத்தின் ஆரம், தலைக்குழாயின் சாய்வு, போர்க்கின் முன்வளைவு ஆகிய மூன்றும் தெரிந்தால் இதைக் கணக்கிடலாம். ஆரத்தைச் சாய்வின் கொசைனால் பெருக்கி, முன்வளைவைக் கழித்து, சைனால் வகுக்க வேண்டும். 28 அங்குல ரோட்ஸ்டருக்கு ஆரம் 357 மி.மீ., சாய்வு 67 பாகை, முன்வளைவு 75 மி.மீ. என்று கொண்டால் விடை 70 மி.மீ. பந்தய வண்டிக்கு 336, 73, 45 என்று கொண்டால் 56 மி.மீ.

சாய்வு அதிகமான வண்டியில் இன்னொரு குணமும் உண்டு. ஹாண்டிலைத் திருப்பினால் வண்டியின் முன்பகுதி சற்றே தாழ்கிறது. தாழ்வதை விரும்பிச் சக்கரம் மேலும் திரும்பப் பார்க்கிறது. மெதுவாக ஏற்றம் ஏறும்போதும், ஹாண்டிலில் தண்ணீர்க் கேன் தொங்கும்போதும் இதை உணரலாம். மேலே சொன்ன அளவுகளில் ரோட்ஸ்டருக்கு இந்தச் சாயும் குணம் பந்தய வண்டியைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம். அதை அடக்கக் கைக்கு நல்ல நெம்புகோல் வேண்டும். பின்னோக்கி நீண்ட ஹாண்டில், படகின் சுக்கான் கட்டை போல, அந்த நெம்புகோலைத் தருகிறது. ஆகவே சாய்ந்த சட்டமும் நீண்ட கைப்பிடியும் தற்செயலாகச் சேர்ந்தவை அல்ல; ஒன்றுக்கு ஒன்று துணை.

பின்தங்கல்தான் சைக்கிள் விழாமல் ஓடுவதற்குக் காரணம் என்று சிலரும், சக்கரத்தின் சுழல் விளைவே காரணம் என்று சிலரும் பாடம் சொல்வார்கள். கேம்பிரிட்ஜில் விப்பிள் 1899-லேயே இதன் சமன்பாடுகளை எழுதினார். 1970-இல் ஜோன்ஸ் என்னும் ரசாயன அறிஞர், ஓட்டவே முடியாத சைக்கிள் ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று புறப்பட்டார். சுழல் விளைவை எதிர்ச்சக்கரத்தால் அழித்துப் பார்த்தார், ஓட்ட முடிந்தது. போர்க்கைப் பின்னோக்கித் திருப்பிப் பின்தங்கலைக் கூட்டினார். ஆளில்லாமல் தள்ளிவிட்டாலும் வண்டி வெகு நேரம் விழாமல் ஓடிற்று. சக்கரத்தை முன்னே தள்ளிப் பின்தங்கலை அழித்தபோதுதான் ஓட்டுவது கஷ்டமாயிற்று. 2011-இல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தோர் இரண்டும் இல்லாமலே தானாக நிமிர்ந்து ஓடும் வண்டியொன்றைச் செய்து காட்டினர். எடை எங்கே இருக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்ப்புச் சொல்கிறது என்பது அதன் பொருள். எடை எங்கே இருக்கிறது என்பதோ, கை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சுற்றிச் சுற்றி ஹாண்டிலுக்கே வந்து சேர்ந்தோம்.

ரோட்ஸ்டரைக் குறை சொல்ல இடமில்லையா? உண்டு. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்க முடியாது. ஹாண்டில் நுனி முழங்காலில் இடிக்கும். அதனால்தான் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மேடு வந்ததும் இறங்கித் தள்ளுகிறார்கள். சட்டம் உயரம், மேற்குழாயான பார் சிறுவருக்கு எட்டாது. அதற்குத் தமிழ்ச் சிறுவர்கள் கண்டுபிடித்த விடைதான் குரங்குப் பெடல்: பாருக்குக் கீழே காலை நுழைத்து, ஒரு கையால் பாரையும் மறு கையால் ஹாண்டிலையும் பிடித்து, வண்டிக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டே மிதிப்பது. பின்னோக்கி வந்த ஹாண்டில் இல்லாவிட்டால் அந்தக் கை எட்டாது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகியபோது, பலர் பார் வைத்த ஆண்கள் வண்டியையே விரும்பினார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது காரணம். நிமிர்ந்து ஓட்டும் வண்டியில்தான் நெஞ்சுக்கும் ஹாண்டிலுக்கும் நடுவே குழந்தைக்கு இடம் கிடைக்கும். குனிந்து ஓட்டும் வண்டியில் அந்த இடமே இல்லை.

இவ்வளவும் அறிந்த பின், எங்கள் ஊரில் பரவி வரும் ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்லாமலிருக்க முடியவில்லை. இளைஞர்கள் வீட்டிலுள்ள பழைய ரோட்ஸ்டரின் ஹாண்டிலைக் கழற்றி எறிந்துவிட்டு மலை சைக்கிளின் நேர் கம்பியைப் பூட்டுகிறார்கள். பார்வைக்கு அழகுதான். ஆனால் கை இருபது சென்டிமீட்டர் முன்னே போய்விடுகிறது. இருக்கையோ பழையபடி பின்னாலேயே இருக்கிறது. மலை சைக்கிளின் சட்டம் அந்த நேர் கம்பிக்கென்றே வரையப்பட்டது. ரோட்ஸ்டரின் சட்டம் அப்படியன்று. முதுகு நீட்டிக்கொண்டு, முழங்கை விறைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து பிரேக்கில் இருக்கிறது. ரோட்ஸ்டரின் பிரேக் கம்பி வடமல்ல, இரும்புக் கம்பி. அதன் நெம்பு ஹாண்டிலோடு சேர்ந்தே அமைந்தது. இழுத்தால் பிரேக் கட்டை கீழிருந்து மேலே எழுந்து ரிம்மின் உட்புறத்தை அழுத்தும். ஹாண்டிலைக் கழற்றினால் பிரேக்கும் போயிற்று. வட பிரேக்கைப் பூட்டிக்கொள்ளலாமே என்றால், அது ரிம்மை இரு பக்கத்திலிருந்தும் கவ்வ வேண்டும்; ரோட்ஸ்டர் ரிம்மின் பக்கம் உருண்டையானது, கவ்வத் தட்டையான இடமில்லை. ஆக ஹாண்டில், பிரேக், ரிம் மூன்றையும் மாற்ற வேண்டும். அவ்வளவு பணம் செலவிடுவோர் இல்லை. பின் பிரேக்கை மட்டும் எப்படியோ கட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள். வேகத்தைக் குறைக்கும்போது எடை முன்சக்கரத்துக்குத் தாவுவதால் பின் பிரேக்கின் பலம் மிகவும் குறைவு. மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் அதுவும் இல்லை.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் அண்டை வீட்டுப் பையன், பதினாறு வயது, இப்படி மாற்றிய வண்டியில் துறைக்குப் போகும் இறக்கத்தில் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டான். படகு, வரிசை, காடு எல்லாம் கடந்து மருத்துவமனை சேர அன்று பொழுது சாய்ந்துவிட்டது. அவனுடைய தாயார் என்னிடம், “தம்பி, நீ பெரிய படிப்புப் படிக்கிறாயே, வண்டியில் என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்லு” என்று கேட்டார்கள். இந்தக் கட்டுரை உண்மையில் அவர்களுக்கு நான் சொன்ன விடையின் விரிவே.

என் தங்கையும் இவ்வாண்டு, “எனக்கு நேர் ஹாண்டில் வண்டிதான் வேண்டும், அண்ணே” என்று பிடிவாதம் செய்தாள். அப்பாவுடைய ரோட்ஸ்டருக்கே மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடந்தது; செலவு குறைவு. நான் இசையவில்லை. நேர் ஹாண்டிலுக்கென்று செய்த, சட்டம் சிறிய வண்டியை, அது பழையதாயினும், வாங்குவதென்று முடிவாயிற்று. அப்பா தம் வண்டியைத் தொட்டுப் பார்த்து, “நல்லவேளை, கொம்பு தப்பித்தது” என்றார்.

வாசக நண்பர்கள் தங்கள் வண்டியைத் தாங்களே அளந்து பார்க்கலாம். வண்டியைச் சமதளத்தில் நிமிர்த்தி, ஹாண்டிலை நேராக வையுங்கள். ஒரு நூலில் சிறு கல்லைக் கட்டி முன்சக்கர அச்சிலிருந்து தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இடுங்கள். பிறகு நேரான நீண்ட கோல் ஒன்றைத் தலைக்குழாயின் பக்கவாட்டில், அதன் நடுக்கோட்டோடு ஒத்துப் பிடித்து, கோல் தரையைத் தொடும் இடத்தில் மற்றொரு கோடு இடுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தூரமே பின்தங்கல். மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது நலம். கோல் கொஞ்சம் சாய்ந்தாலும் அரை சென்டிமீட்டர் பிழை வரும்.

அப்பாவின் வண்டிக்கு எனக்கு 7 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் கிடைத்தது. அண்டை வீட்டுப் பையனுடைய வண்டியோ அதே உருவம், அதே சக்கரம். அளந்தால் 9½ சென்டிமீட்டர். விழுந்த வேகத்தில் போர்க்கு பின்னோக்கி வளைந்து, முன்வளைவு குறைந்துவிட்டிருந்தது. கண்ணுக்கு அது தெரியவில்லை. வளைந்த போர்க்கைத் தட்டி நிமிர்த்தினால் இரும்பு பலமிழக்கும் என்பதால் புதிய போர்க்கு ஒன்று வரவழைத்தார்கள். பழைய ஹாண்டிலும் பிரேக் கம்பிகளும் அவர்கள் வீட்டுக் கொட்டகையிலேயே துருவேறிக் கிடந்தன. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, அவற்றையே மீண்டும் பூட்டினார்கள்.